வீட்டிலேயே முடி நீக்கும் ‘லைட்’ மிஷின்: மாநிற பெண்களே உஷார்! பெட்டியை பிரிக்கும் முன்பு கலர் அட்டையை பாருங்க

திருப்பூர்,

இனி பியூட்டி பார்லருக்கே போக வேண்டாம், வீட்டில் இருந்தபடியே ‘பளிச்’சென்று லைட் அடித்தால் போதும், தேவையில்லாத முடி போயே போச்சு... செல்போனை திறந்தால் இப்படிப்பட்ட விளம்பரம் கண்ணில் படாத பெண்கள் குறைவு.

வேக்சிங், திரெடிங் என்று மாதாமாதம் செலவு செய்பவர்களுக்கு இதை பார்த்ததும் ஆசை வருவது இயற்கை. 3 ஆயிரம் ரூபாய்க்கும் இந்த மிஷின் கிடைக்கிறது. 30 ஆயிரம் கொடுத்தாலும் கிடைக்கிறது. கையில் காசு இல்லாவிட்டால் மாத தவணை. தீபாவளி போனஸ் வந்ததும் ஆர்டர் போட்டு விடலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு விஷயத்தை தெரிந்து கொள்ள வேண்டும். இது எல்லா தோலுக்கும் ஒத்துவரும் சாமான் அல்ல. முக்கியமாக நம்ம ஊர் கருத்த தோலுக்கு. தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், தோலும் பொசுங்கும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

லேசர் அல்ல, லைட்டு!

கடைகளில் ‘லேசர் மிஷின்’ என்று சொல்லி விற்றாலும், வீட்டு உபயோகத்துக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை லேசர் கிடையாது. இவற்றின் பெயர் ‘ஐ.பி.எல்.’. (கிரிக்கெட் ஐ.பி.எல். அல்ல!) ‘இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்’ என்பதன் சுருக்கம். போட்டோ ஸ்டூடியோவில் அடிக்கிறார்களே ஃபிளாஷ், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு விளக்குதான் உள்ளே இருக்கிறது.

முடிக்கு கருப்பு நிறம் கொடுப்பது ‘மெலனின்’ என்ற நிறமி. வெயிலில் நிறுத்திய வண்டியின் கருப்பு சீட் எப்படி கொதிக்கிறதோ, அதேபோல இந்த நிறமி வெளிச்சத்தை இழுத்து சூடாகிறது. அந்த சூடு முடி வழியாக வேருக்கு இறங்கி, முடியை வளர விடாமல் செய்கிறது. வெளிச்சத்தை வைத்து தேவையான இடத்தை மட்டும் சூடாக்கலாம் என்ற இந்த தத்துவத்தை 1983-ல் அமெரிக்க டாக்டர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகியோர் விளக்கினார்கள். 1995-ல் அந்த நாட்டில் முடி நீக்கும் லேசருக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்த இந்த சமாச்சாரம் பிறகுதான் வீட்டுக்குள் வந்தது.

இங்கேதான் சிக்கல்

முடியில் உள்ள அதே மெலனின்தான் தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் தோலில் அது குறைவு. அதனால் வெளிச்சம் தோலை தாண்டி நேராக முடிக்கு போய் விடுகிறது. தோல் கருப்பாக இருந்தால்? பாதி வெளிச்சத்தை தோலே விழுங்கி விடும். முடி வேருக்கு போக வேண்டிய சூடு தோலிலேயே தங்கும். விளைவு... எரிச்சல், கொப்புளம், தீக்காயம்.

கொப்புளம் ஆறிய பிறகும் விஷயம் முடிவதில்லை. கருத்த தோலில் காயம் பட்டால் அந்த இடம் மேலும் கருத்துப் போகும். சிலருக்கு வெள்ளை திட்டாகவும் மாறும். இது மறைய பல மாதங்கள் ஆகலாம். மிஷினின் ஜன்னல் நீள்சதுரமாக இருப்பதால் தழும்பும் அதே வடிவில், ஸ்டாம்ப் ஒட்டியது போல விழும். முடியை மறைக்க போய், தழும்பை மறைக்க துப்பட்டாவை இழுத்து போர்த்த வேண்டிய நிலை.

தோல் நிறத்தை டாக்டர்கள் 6 வகையாக பிரிக்கிறார்கள். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க தோல் டாக்டர் 1975-ல் தொடங்கி வைத்த கணக்கு இது. 1 என்றால் வெளிறிய வெள்ளை. 6 என்றால் நல்ல கருப்பு. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் 4, 5, 6-க்குள் வந்து விடுவார்கள். பிலிப்ஸ், பிரவுன் போன்ற பெரிய கம்பெனிகளே தங்கள் மிஷின் மிகவும் கருத்த தோலுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித்தான் விற்கின்றன. பிரச்சினை என்னவென்றால், அது பொடி எழுத்தில் இருக்கிறது. விளம்பர படத்தில் வரும் பெண்தான் பெரிதாக இருக்கிறார்.

அட்டையை எப்படி பார்ப்பது?

மிஷின் பெட்டியிலோ, கம்பெனியின் இணையதளத்திலோ தோல் நிற அட்டை இருக்கும். எந்த நிறத்துக்கு ‘டிக்’, எந்த நிறத்துக்கு ‘பெருக்கல் குறி’ என்று போட்டிருப்பார்கள். இதை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க கூடாது. பகலில் ஜன்னல் ஓரமாக நின்று, எந்த இடத்தில் முடி எடுக்க போகிறோமோ அந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். முன்னங்கை மாநிறமாக இருக்கும், ஆனால் அக்குள், முழங்கால் முட்டி, தொடை இடுக்கு கருப்பாக இருக்கும். கைக்கு சரி என்றால் அக்குளுக்கும் சரி என்று அர்த்தம் இல்லை.

நிறம் இரண்டுக்கும் நடுவில் வருகிறதா? வாங்காமல் இருப்பதே நல்லது.

நல்ல மிஷின்களில் ‘ஸ்கின் சென்சார்’ உண்டு. தோல் அளவுக்கு மேல் கருப்பாக இருந்தால் ஃபிளாஷே அடிக்காது. மலிவு மிஷின்கள் சிலவற்றில் இது இருப்பதில்லை. கரித்துண்டு மேல் வைத்தாலும் அடிக்கும். சென்சார் மறுத்தால் மிஷின் ரிப்பேர் என்று நினைத்து, அதை ஏமாற்ற வழி தேடக்கூடாது. அது காப்பாற்றத்தான் மறுக்கிறது.

9 லட்சம் ஃபிளாஷ் எதற்கு?

5 லட்சம் ஃபிளாஷ், 9 லட்சம் ஃபிளாஷ் என்று போட்டு மயக்குவது இன்னொரு தந்திரம். கை, கால், அக்குள் சேர்த்து ஒரு தடவைக்கு ஆயிரம் ஃபிளாஷ் அடித்தாலும், வருஷத்துக்கு 15 தடவை என்றால் 15 ஆயிரம்தான். 3 லட்சமே 20 வருஷத்துக்கு வந்து விடும். மிச்சத்தை யாருக்கு சீதனம் கொடுப்பது? கேட்க வேண்டியது எண்ணிக்கை அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ‘ஜூல்’ சக்தி, எத்தனை அளவு குறைக்கலாம் கூட்டலாம், சென்சார் இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் எங்கே என்பதுதான். ‘ஐஸ் கூலிங்’ இருந்தால் வலி குறையும். ஆனால் கருத்த தோலுக்கு பொருந்தாத மிஷினை அது பொருந்த வைக்காது.

நரைமுடி, செம்பட்டை முடி இருப்பவர்கள் காசை வீணாக்க வேண்டாம். நிறமி இல்லாத முடிக்கு இந்த வெளிச்சம் வேலை செய்யாது.

ஷேவ் செய்யணும், பிடுங்க கூடாது

மாநிறத்துக்கு ஏற்ற மிஷின்தான், அட்டையிலும் ‘டிக்’ இருக்கிறது என்றால் தாராளமாக பயன்படுத்தலாம். அதற்கும் முறை உண்டு. முதலில் அந்த இடத்தை ஷேவ் செய்ய வேண்டும். வேக்சிங், திரெடிங் செய்து விட்டு லைட் அடித்தால் பலன் இல்லை. வேரோடு முடியை பிடுங்கி விட்டால் சூடு எதன் வழியாக இறங்கும்? ஷேவ் செய்தால் முடி தடிமனாக வளரும் என்ற பயமும் வேண்டாம். அது வெறும் நம்பிக்கை.

குறைந்த அளவில் வைத்து ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு ஃபிளாஷ் அடித்து, 1 அல்லது 2 நாள் பொறுத்து பார்க்க வேண்டும். தோல் காய்ந்து இருக்க வேண்டும். கஸ்தூரி மஞ்சள், கிரீம், சென்ட் எதுவும் இருக்க கூடாது. மருதாணி போட்ட கை என்றால் அது அழியும் வரை காத்திருக்கவும். மச்சம், பச்சை குத்திய இடம், மரு மேல் அடிக்கவே கூடாது. கண்ணுக்கு பக்கத்திலும், புருவத்திலும் கூடாது. ஆண்கள் தாடி பகுதியில் அடிக்க கூடாது.

லேசான சிவப்பும் கதகதப்பும் சில மணி நேரத்தில் போய்விடும். வெயிலில் வண்டி ஓட்டுபவர்கள், களை எடுக்க போகிறவர்கள் அடித்த இடத்தை துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வெயிலில் கருத்து போன தோலில் அடிப்பது, கருத்த தோலில் அடிப்பதற்கு சமம்.

ஒரே நாளில் முடி உதிரும் என்று நினைக்க கூடாது. வளர்ந்து கொண்டிருக்கும் முடி மேல்தான் சூடு வேலை செய்யும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அதனால் 1 வாரம் அல்லது 2 வாரத்துக்கு ஒரு தடவை என்று 2, 3 மாதம் செய்ய வேண்டும். அடுத்த மாதம் கல்யாணம் என்று இந்த மாதம் வாங்குவது வேலைக்கு ஆகாது. பிறகும் மாதம் ஒரு தடவையாவது தொடர வேண்டும். நிறுத்தினால் முடி கொஞ்சம் கொஞ்சமாக திரும்பி வரும்.

தாடையில் தடித்த முடியா?

இளம்பெண்களுக்கு தாடை, கன்னம், நெஞ்சில் தடித்த முடி வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளித்தள்ளி வந்தால், அது அழகு பிரச்சினை அல்ல. ‘பி.சி.ஓ.எஸ்.’ எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். இதற்கு முதலில் ரத்த பரிசோதனையும், வைத்தியமும் தேவை. உள்ளே ஹார்மோன் முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும்போது வெளியே லைட் அடித்து பிரயோஜனம் இல்லை. இன்னொரு விபரீதமும் உண்டு. இப்படிப்பட்ட பெண்களில் சிலருக்கு, முகத்திலும் கழுத்திலும் லைட் அடித்த பிறகு முடி குறைவதற்கு பதில் பக்கத்தில் இருந்த பூனை முடியும் தடித்து வளர்ந்து விடுகிறது. தெற்கு ஆசியாவை சேர்ந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், காயம் ஆறிய இடத்தில் தழும்பு புடைத்து வளரும் உடம்புக்காரர்கள் இந்த மிஷினை தொட வேண்டாம். பருவுக்கு ‘ஐசோடிரெட்டினாயின்’, ‘டாக்சிசைக்ளின்’ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரை கேட்காமல் அடிக்க கூடாது.

மிகவும் கருத்த தோல் என்றால் வழியே இல்லையா? இருக்கிறது. ‘என்டி யாக்’ என்ற லேசர், தோலின் மேல் நிறமியில் அதிகம் தங்காமல் ஆழத்துக்கு போகும். இதை தோல் டாக்டரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. மிஷின் வாங்கும் முன்பு அங்கே காட்டி உங்கள் தோல் எந்த வகை என்று கேட்க காசு ஆகாது.

சுட்டு விட்டால்...

கொப்புளம் வந்தால் டூத்பேஸ்ட், பேனா மை, மாவு எதையும் தடவ கூடாது. ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் தப்பு. குழாய் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி விட்டு, கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

தோலில் பட்ட சாமான் என்று காரணம் காட்டி, பெட்டியை பிரித்த பிறகு திருப்பி எடுக்க மறுக்கும் விற்பனையாளர்களும் உண்டு. எனவே நிற அட்டையை ஆர்டர் போடும் முன்பே பார்த்து விட வேண்டும். பில்லும், பெட்டியும் பத்திரம். ஏமாற்றப்பட்டதாக தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை உள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் கட்டணம் இல்லாமல் வழக்கு போடலாம். கொப்புளம் வந்த அன்றே தேதி தெரியும்படி செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது அப்போது உதவும்.