இடாப்பில் ஏறாத பெயர்கள்

சனநாயகத்தைப் பற்றி உலகுக்கெல்லாம் எடுத்துரைக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு வாக்களிக்கத் தகுதியுள்ள மூன்று பேரில் ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில்கூட வாக்களிப்பதில்லை என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் தகுதியுடையோரில் ஏறத்தாழ 66 வீதத்தினர் வாக்களித்தனர். நூறாண்டுகளுக்கு மேலாகக் காணாத உயர்வு என்று அதனையே பெரிதாகப் பேசினார்கள். ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் நடைபெறும் காங்கிரஸ் தேர்தல்களில் நிலைமை இன்னும் மோசம். 2014இல் பத்துப் பேரில் நால்வர்கூட வாக்களிக்கவில்லை.

இதை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. நமது நாட்டில் கிராம உத்தியோகத்தர் மூலம் படிவம் வீட்டுக்கு வரும். வாப்பா நிரப்பிக் கையொப்பமிடுவார். நமது பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் அவரவரே விண்ணப்பித்துத் தம் பெயரைப் பதிய வேண்டும். வீடு மாறினால் அதையும் அறிவிக்க வேண்டும். படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அடிக்கடி இடம் மாறும் இளைஞர்களே இதில் அதிகம் விடுபடுகிறார்கள். சில மாநிலங்களில் தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னரே பதிவு முடிவடைகிறது. வட டகோட்டா மாநிலத்திலோ வாக்காளர் பதிவே கிடையாது! சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் அவ்வளவு வேறுபடுகிறது.

ஆனால் பதிவு என்பது ஒரு காலத்தில் வேண்டுமென்றே போடப்பட்ட வேலியாகவும் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டமொன்றில் வேலை செய்த பேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையை நம் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. வறிய விவசாயக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர் அவர். 1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி, பதினெட்டுப் பேராக 26 மைல் தூரம் பஸ்ஸில் பயணம் செய்து, இண்டியனோலா நகருக்குத் தம் பெயரைப் பதியச் சென்றார்கள். அங்கே எழுத்தறிவுப் பரீட்சை. மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். விளக்கம் சரியா பிழையா என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரியே. அப்பரீட்சையில் ஹேமர் சித்தியடையவில்லை. திரும்பும் வழியில் பொலிசார் மறித்து, பஸ்ஸின் நிறம் பிழை என்று தண்டப்பணம் விதித்தார்கள். அன்றிரவே, விண்ணப்பத்தை மீளப் பெற மறுத்ததற்காக, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார்.

அவர் விடவில்லை. மீண்டும் சென்று, 1963 ஜனவரியில் பரீட்சையில் சித்தியடைந்தார். பின்னர் வாக்களிக்கச் சென்றபோது, தலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது இத்தகைய பரீட்சைகள் அம்மாநிலங்களில் நிறுத்தப்பட்டன. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதையடைந்த கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 7 வீதத்தினரே பதிவு பெற்றிருந்தனர். 1967இல் அது 60 வீதத்தை அண்மித்தது. இரண்டே ஆண்டுகள்! மக்களுக்கு ஆர்வமில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இந்த எண்கள் போதுமான பதில்.

அதன்பின் வழிகள் இலகுவாகின. சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் இடத்திலேயே வாக்காளராகவும் பதியலாம் என்ற சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2016இல் ஒரிகன் மாநிலம், அவ்வாறு வருவோரைத் தானாகவே பதியும் முறையை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின.

தேர்தல் நாள் மட்டும் மாறவில்லை. நவம்பர் மாதத்து முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845இல் வகுத்தார்கள். குதிரை வண்டியில் வரும் விவசாயிகளுக்கு, ஞாயிறு வழிபாடு முடிந்து புறப்பட்டு வர அது வசதியாக இருந்தது. இன்று அது வேலை நாள். நாடு முழுவதற்குமான விடுமுறையும் இல்லை. தபால் மூலமும் முன்கூட்டியும் வாக்களிக்கும் வசதிகள் பல மாநிலங்களில் இருந்தாலும், மணிக்கணக்கில் கூலி பெறுபவர் வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளத்தை இழக்க நேரிடலாம்.

இத்தனைக்கும் நடுவே, 1980 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் ஆண்களைவிடப் பெண்களே கூடிய வீதத்தில் வாக்களித்து வருகிறார்கள். ஹேமர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1977இல் காலமானார்.