தரைக்கு எத்தனை ஓடுகள் தேவை?

மாணவர்களே, 4.2 மீற்றர் நீளமும் 3.5 மீற்றர் அகலமும் உடைய செவ்வக அறையொன்றின் தரைக்கு 60 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுர ஓடுகள் பதிக்க வேண்டும் எனக் கொள்வோம்.

முதலில் அலகுகளை ஒன்றாக்குங்கள். அறையின் பரப்பளவு 420 × 350 = 147 000 சதுர சென்ரிமீற்றர். ஓர் ஓட்டின் பரப்பளவு 60 × 60 = 3600. சிலர் 14.7 சதுர மீற்றர் எனக் கண்டபின் 100 ஆல் பெருக்கி 1470 என எழுதுவர். அப்படியானால் அறை ஓர் ஓட்டிலும் சிறிதாகிவிடுமே! பெருக்க வேண்டியது 10 000 ஆல்.

147 000 ÷ 3600 = 40.83. ஆகவே 41 ஓடுகள். 40.3 என வந்திருந்தாலும் 41 தான். இங்கு மட்டந்தட்டல் விதி பொருந்தாது.

ஆனால் 41 ஓடுகள் உண்மையில் போதுமா? படம் வரைந்து பாருங்கள். நீளப்பக்கமாக 420 ÷ 60 = 7 ஓடுகள். அகலப்பக்கமாக 5 ஓடுகள் வைத்தபின் 50 சென்ரிமீற்றர் மீதி. எனவே ஆறாவது வரிசை ஓடு ஒவ்வொன்றிலும் 10 சென்ரிமீற்றர் வெட்டப்படும். அத்துண்டுகளில் ஐந்தைச் சேர்த்து ஓரிடத்தை நிரப்பினால் மட்டுமே 41 போதும். எந்த மேசன் அப்படிப் பதிப்பார்? வீட்டுக்கு வாங்குவதாயின் 7 × 6 = 42. ஒன்று குறைந்து பிறகு வாங்கப் போனால், வேறு தொகுதி ஓட்டின் நிறம் சற்று மாறியிருக்கலாம்.

பரீட்சையில் இரு பக்கங்களும் மீதியின்றி வகுபட்டால் பரப்பளவு முறையே விரைவானது. மீதி வந்தால், வெட்டிய துண்டுகளைப் பயன்படுத்தலாமா என்பதை வினாவில் கவனமாக வாசித்து முறையைத் தெரிவுசெய்க.

பயிற்சி: இதே அறைக்கு 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஓடுகள் எனின், இரு முறைகளிலும் விடை காண்க. (விடை: 164, 168)