வழிகாட்டியுடன் 6,000 மீட்டர் சிகரம்: காங் யாட்சே ஏறத் திட்டமிடுவோர் அறிய வேண்டியவை

லே: லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் உள்ள காங் யாட்சே-2 சிகரத்தின் உயரம் சுமார் 6,250 மீட்டர். மலையேற்றத்தில் நீண்ட அனுபவம் இல்லாதவர்களும் வழிகாட்டியின் துணையுடன் 6,000 மீட்டரைத் தாண்டலாம் என்ற நம்பிக்கையை அளிக்கும் சிகரங்களில் இது ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மென்பொருள் பணியாளர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டோர் இதற்காக லே நகரில் வந்து இறங்குகின்றனர்.

முன்னர் இந்த இடத்தை வகித்தது லே நகருக்கு அருகில் உள்ள 6,153 மீட்டர் உயர ஸ்டோக் காங்ரி. அதன் பனியாறே ஸ்டோக் கிராமத்துக்கு நீர் ஆதாரம். ஆண்டுதோறும் பெருகிய கூட்டமும் கழிவும் அந்த நீரைக் கெடுப்பதாகக் கிராம மக்கள் வலியுறுத்தியதைத் தொடர்ந்து, 2020-ஆம் ஆண்டு முதல் அச்சிகரம் மலையேறுவோருக்கு மூடப்பட்டது. இதையடுத்து, 6,000 மீட்டர் கனவுடன் வருவோரின் கவனம் பெருமளவில் காங் யாட்சே பக்கம் திரும்பியது.

பெயர் தரும் மயக்கம்

இத்தகைய மலைகளை 'டிரெக்கிங் சிகரம்' என்று அழைப்பது வழக்கம். நேபாளத்தில் 1978 முதல் ஒரு நிர்வாகப் பிரிவாகவே இப்பெயர் நிலைத்துவிட்டது. சிறிய குழுக்கள் எளிய நடைமுறையில் அனுமதி பெற்று ஏறக்கூடிய சிகரங்கள் என்பதே அதன் பொருள். நடந்தே உச்சியை அடைந்துவிடலாம் என்பது அல்ல. அதே பிரிவில் வரும் 6,189 மீட்டர் உயர ஐலண்ட் சிகரத்தில் செங்குத்தான பனிச்சுவரைக் கயிற்றின் துணையுடன் ஏற வேண்டியிருப்பதே இதற்குச் சான்று.

காங் யாட்சே-2 அந்த அளவுக்குக் கடினமானது அன்று. எனினும் அடிவார முகாமுக்கு மேலே கற்குவியலைக் கடந்ததும் பனிச்சரிவு தொடங்கிவிடும். காலணியில் கிராம்பான் எனப்படும் இரும்பு முட்களைப் பூட்டி, கையில் பனிக்கோடரியுடன், குழுவினர் ஒரே கயிற்றில் பிணைந்தபடி மணிக்கணக்கில் ஏற வேண்டும். அருகிலேயே நிற்கும் காங் யாட்சே-1 சுமார் 6,400 மீட்டர் உயரமுடையது. அது தேர்ந்த மலையேறிகளுக்கானது. இரண்டின் பெயரும் ஒன்றே என்பதால் விளம்பரங்களைப் படிப்பவர்கள் எண்ணைக் கவனிப்பது நல்லது.

நாட்டில் சிகரம் ஏறுவதற்கான அனுமதி நடைமுறைகளை டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மலையேற்ற அறக்கட்டளை (ஐஎம்எஃப்) கவனிக்கிறது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு உத்தராகண்டில் 51, இமாச்சலப் பிரதேசத்தில் 47, சிக்கிமில் 24, ஜம்மு-காஷ்மீரில் 15 என மொத்தம் 137 சிகரங்களை வெளிநாட்டினருக்குத் திறந்துவிட்டது. வழிகாட்டி நிறுவனங்கள் பொதுவாக அனுமதியைத் தாங்களே பெற்றுவிடும். இருப்பினும், தம் பெயர் இடம்பெற்ற அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது பயணியின் உரிமை. நடைப்பயணத்துக்கு மட்டும் அனுமதி பெற்றுவிட்டுச் சிகரம் ஏறினால், விபத்து நேரும்போது காப்பீடு முதல் மீட்பு வரை எல்லாமே சிக்கலாகிவிடும்.

எத்தனை நாள்?

திட்டமிடலில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுவே. கட்டணமும் விடுப்பும் உயிரும் இந்த எண்ணைச் சுற்றியே சுழல்கின்றன.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியே. உடல் இதற்கு முதலில் வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டுகிறது. அதனால் ரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சில நாள்களில் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலைகளைப் பணம் கொடுத்தோ, மன உறுதியாலோ விரைவுபடுத்த இயலாது.

3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கும் பொதுவான அளவுகோல். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, எங்கே உறங்குகிறோம் என்பதே கணக்கு.

இந்த அளவுகோலைக் காங் யாட்சே பயணத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து விமானத்தில் வருபவர் சில மணி நேரத்தில் அந்த உயரத்தை அடைந்துவிடுவதால், அங்கே குறைந்தது இரண்டு இரவுகள், முடிந்தால் மூன்று இரவுகள் தங்குவது அவசியம். அதன் பிறகு ஸ்கியு கிராமத்திலிருந்து நடை தொடங்கும். மார்க்கா சுமார் 3,700 மீட்டர், ஹங்கர் ஏறத்தாழ 4,000 மீட்டர், தச்சுங்ட்சே சுமார் 4,250 மீட்டர் என வழி மெல்ல மெல்ல உயர்கிறது. அதற்கடுத்த நிமாலிங், மார்க்கா கிராமத்தினர் கோடையில் யாக், ஆடுகளை மேய்க்கும் பரந்த புல்வெளி. சுமார் 4,800 மீட்டர். இந்த ஒரு நாளில் மட்டும் 500 மீட்டர் எல்லை சற்றுத் தாண்டப்படுகிறது. ஆகவே நிமாலிங்கில் ஒரு நாள் ஓய்வு இருக்க வேண்டும். பின்னர் அடிவார முகாம், சுமார் 5,050 மீட்டர். அங்கே கிராம்பான், கயிறு ஆகியவற்றைப் பழகுவதற்கு ஒரு நாள். வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள். சிகரம் ஏறிய பின் 5,200 மீட்டருக்கு மேல் உள்ள கொங்மாரு லா கணவாய் வழியே இறங்கி லே திரும்புதல். கூட்டிப் பார்த்தால் லேயில் கால் வைத்த நாளிலிருந்து 11 அல்லது 12 நாள்கள் ஆகின்றன.

இதே சிகரத்தை எட்டே நாளில் ஏறலாம் என்ற அறிவிப்புகளையும் காணலாம். இவற்றில் சில, மார்க்கா பள்ளத்தாக்கைத் தவிர்த்து, இறங்கும் வழியான கொங்மாரு லா வழியாகவே நேராக நிமாலிங் செல்பவை. தூரம் குறைவு; விடுப்பும் மிச்சம். ஆனால் இரண்டே நாளில் 5,200 மீட்டர் கணவாயைக் கடந்து 4,800 மீட்டரில் உறங்க நேரும். ஏற்கெனவே வேறொரு உயரப் பயணத்தை முடித்துவிட்டு உடல் பழகிய நிலையில் வருபவருக்கு இது பொருந்தலாம். நேரே சமவெளியிலிருந்து வருபவருக்கு இது சூதாட்டம்.

உடல் சொல்வது

உயர நோயின் தொடக்கம் எளிமையானது: தலைவலி, அதனுடன் குமட்டல், சோர்வு, தலைசுற்றல். இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். அடுத்த கட்டங்கள் உயிருக்கு ஆபத்தானவை. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல் ஆகியவை நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை மூளை வீங்குவதன் அடையாளம். இரண்டுக்கும் முதன்மையான சிகிச்சை கீழே இறங்குவதே. நள்ளிரவானாலும் விடியலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் உருளையும் மருந்துகளும் அந்த இறக்கத்துக்கு நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

அசெட்டசோலமைடு மாத்திரை பலரும் அறிந்தது. 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என்பது தடுப்புக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. இது உடல் பழகுவதற்கு உதவுமே தவிர, பழகாத உடலைக் காப்பாற்றாது. உடல் வலிமையும் இந்நோயிலிருந்து காப்பதில்லை. மாரத்தான் ஓடுபவர்கள் படுத்துவிடுவதும், நிதானமாக நடக்கும் ஐம்பது வயதுக்காரர் உச்சியை அடைவதும் மலையில் புதிதல்ல. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

வழிகாட்டி எதைத் தருவார், எதைத் தர மாட்டார்?

பணம் பெறும் நிறுவனம் ஒன்று, மலையில் அழைத்துச் செல்பவர் வேறொருவர் என்பது இத்துறையில் சாதாரணம். எனவே விசாரிக்க வேண்டியது, சிகர நாளன்று கயிற்றின் முன்முனையில் இருக்கப்போவது யார் என்பதைத்தான். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம், மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் நிறுவனம் போன்ற அரசு சார்ந்த அமைப்புகள் அடிப்படை, உயர்நிலை, பயிற்றுநர் நிலை எனப் படிப்படியாகச் சான்றிதழ் வழங்குகின்றன. வழிகாட்டி எந்தப் படியில் இருக்கிறார், இதே சிகரத்தில் எத்தனை முறை ஏறியிருக்கிறார் என்று கேட்பதில் தவறில்லை. கூச்சமின்றிப் பதில் சொல்பவரே நல்ல வழிகாட்டி.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. சிகர நாளில் ஒருவர் நோயுற்றால் அவருடன் ஒரு வழிகாட்டி இறங்கியாக வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், அந்த ஒருவருக்காக அனைவரும் திரும்ப வேண்டும். அல்லது நோயாளி தனியே இறங்க வேண்டும். நான்கு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தால் இந்தச் சங்கடம் எழாது. கட்டணம் மிகக் குறைவாக இருக்குமானால், குறைக்கப்பட்டிருப்பது வழிகாட்டிகளின் எண்ணிக்கையா, காத்திருப்பு நாளா, குதிரைக்காரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் தர வேண்டிய காப்பீடும் குளிராடையுமா என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் மலை தன் பங்கைக் கேட்கும் நாள்கள் உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. இருவர் கிடைக்கவே இல்லை. அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களுள் ஒருவர். 2024 ஜூனில் அதே மாநிலத்தில் சகஸ்திர தால் ஏரிப் பகுதிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு மோசமான வானிலையில் சிக்கியதில், கர்நாடகத்திலிருந்து வந்த 9 பேர் உயிரிழந்தனர். அது சிகரம்கூட அன்று, நடைப்பயணம்.

சிகர நாள்

அடிவார முகாமிலிருந்து உச்சிக்கு 1,200 மீட்டர் ஏற்றம். மணிக்கு 150 மீட்டர் வீதம் ஏறினாலும் எட்டு மணி நேரம் ஆகும். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும். சரிவின் ஆபத்தும் கூடும். ஆகவேதான் இரவு 11 அல்லது 12 மணிக்குப் புறப்படுகின்றனர். எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது என்பதைக் கூடாரத்தில், தெளிவான தலையுடன் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். காலை 9 அல்லது 10 மணி என்பது பொருத்தமான எல்லை. உச்சி நூறு மீட்டர் தொலைவில் தெரியும்போது எடுக்கப்படும் முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல. திரும்பும்படி வழிகாட்டி சொன்னால் அதற்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே எழுதி வாங்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றை விரும்பித் தேர்வு செய்யலாம்.

லடாக் மழைமறைவுப் பகுதி என்பதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே ஏற்ற காலம். ஜூனில் பனி ஆழமாக இருக்கும். ஆகஸ்ட் இறுதியில் அது இறுகிக் கிராம்பான் இன்றி நகர முடியாத பனிக்கட்டியாகிவிடலாம். மழைமறைவு என்பது மழையே இல்லை என்பதாகாது: 2010 ஆகஸ்டில் லே பகுதியில் பெய்த பெருமழை 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

தொடர்பும் மீட்பும்

நிமாலிங்கில் உதவிக்குக் கூப்பிடுவது எப்படி என்பது பலரும் கேட்க மறக்கும் கேள்வி. பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்பு வேண்டும். அதுவும் லேயைத் தாண்டிச் சில கிராமங்கள் வரையே. வெளிநாடுகளில் மலையேறிகள் இயல்பாக எடுத்துச் செல்லும் செயற்கைக்கோள் தொலைபேசியையும் செய்திக் கருவிகளையும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். எனவே குழுவிடம் வாக்கி-டாக்கி உள்ளதா, கீழே செய்தியைப் பெறுபவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நிமாலிங்கில் உயர நோயால் பாதிக்கப்பட்ட இஸ்ரேலியர் ஒருவரை 2022-ல் இந்திய விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. ஆனால் அழைத்தவுடன் வரும் சேவை அன்று அது. நிர்வாகத்தின் ஒப்புதல், வானிலை, பகல் வெளிச்சம் ஆகிய மூன்றும் கூடிவர வேண்டும். அதுவரை நோயாளியைச் சுமப்பது குதிரையும் தோழர்களின் தோளுமே. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட அல்லது கயிறு பயன்படுத்தும் ஏற்றங்களை ஏற்பதில்லை. ஆகவே விதிவிலக்குப் பட்டியலையே முதலில் படிப்பது உசிதம்.

பயணச்சீட்டு எடுக்கும்போது இரண்டு சிறு குறிப்புகள். பனிக்கோடரியையும் கிராம்பானையும் விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்ல இயலாது, சரக்கில் போட வேண்டும். சமையல் வாயுக் குப்பியை இரண்டிலும் கொண்டுசெல்ல முடியாது, லேயில்தான் வாங்க வேண்டும். வானிலை காரணமாக லே விமானங்கள் ரத்தாவது வழக்கமானதே என்பதால், டெல்லியிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தை அதே நாளில் பதிவு செய்யாமல் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்வது நல்லது.