கறுப்பு ஏன் சாம்பலாத் தெரியுது? மானிட்டரை மாத்துறதுக்கு முன்னாடி இந்த செட்டிங்கைப் பாருங்க!

புது மானிட்டரை ஆசை ஆசையாக லேப்டாப்பில் மாட்டி, ஒரு படத்தின் ராத்திரி சீனை ஓடவிட்டேன். இருட்டு இருட்டாகவே இல்லை. சாம்பல் பூசினது மாதிரி இருந்தது. 'பீஸே சரியில்ல, ரிட்டர்ன் போட்டுடலாம்' என்று பெட்டிக்கு டேப் ஒட்டவே ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், லேப்டாப்பில் ஒரே ஒரு செட்டிங்தான் பிரச்னை!

ரெண்டு கணக்கு

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் கலந்தது. வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். கம்ப்யூட்டருக்கு 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். இது 'ஃபுல் ரேஞ்ச்'.

டி.வி-யின் கணக்கு வேறு. அங்கே கறுப்பு 16-ல் தொடங்கி, வெள்ளை 235-ல் முடியும். சிக்னல் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் படம் வெட்டுப்படக் கூடாது என்று விட்ட இடைவெளி அது. 1982-ல் வந்த டிஜிட்டல் வீடியோ தரநிலையிலிருந்தே தொடரும் வழக்கம். இது 'லிமிடெட் ரேஞ்ச்'.

எங்கே சொதப்புது?

ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் மாட்டும்போது, சில நேரம் லேப்டாப் மானிட்டரை டி.வி என்று நினைத்து லிமிடெட்டில் அனுப்பிவிடும். மானிட்டருக்கோ 16 என்பது கறுப்பு இல்லை, அடர் சாம்பல். வெள்ளையும் மங்கிவிடும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஏமாற்று வேலை. லேப்டாப் ஃபுல்லில் அனுப்ப, டி.வி லிமிடெட் என்று எடுத்துக்கொண்டால், 16-க்குக் கீழே எல்லாமே ஒரே கறுப்பு, 235-க்கு மேலே எல்லாமே ஒரே வெள்ளை. 'கான்ட்ராஸ்ட் செம'னு தோணும். ஆனால் ஹீரோவின் கறுப்புச் சட்டை மடிப்பும் வேட்டியின் மடிப்பும் காணாமல் போயிருக்கும்.

அப்போ எதை வைக்கிறது?

ஃபுல்னா உசத்தி, லிமிடெட்னா மட்டம்னு இல்லை. நாம் பார்க்கும் சினிமா, சீரிஸ் பெரும்பாலும் லிமிடெட்டில்தான் பதிவாகியிருக்கும். அனுப்புற இடமும் வாங்குற இடமும் ஒரே கணக்கில் இருக்கணும், அவ்வளவுதான். முதலில் 'ஆட்டோ'வில் விட்டுப் பாருங்க. சரிவரலைன்னா கம்ப்யூட்டர் மானிட்டருக்கு ஃபுல். டி.வி-க்கு ரெண்டு பக்கமும் லிமிடெட் வைத்தால் பெரும்பாலும் சிக்கல் வராது.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் இதன் பெயர் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்'. பிளேஸ்டேஷனில் 'ஆர்.ஜி.பி ரேஞ்ச்'. பல டி.வி-க்களில் 'பிளாக் லெவல்' என்று இருக்கும். அதில் 'லோ' என்றால் பொதுவாக லிமிடெட்.

மாற்றியதும் 'பிளாக் லெவல் டெஸ்ட்' படம் ஒன்றை நெட்டில் தேடித் திறங்க. அடர் கட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் ஓகே. இதை விட்டுட்டு பிரைட்னஸைக் குறைத்துச் சமாளிக்காதீங்க; சாம்பல் போகாது, மொத்தப் படமும்தான் மங்கும்.

நான் ஒட்டின டேப்பைப் பிரிச்சுட்டேன். மானிட்டர் இப்போ என் மேஜையில்தான் இருக்கு!