ஆறு முயல் எட்டானது எப்படி?

நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு கேஷியர் இருந்தார். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் போச்சு... ராத்திரி ஒன்பது மணி வரை யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். "அந்த ஒரு ரூபாயை நானே போட்டுடறேன், ஆளை விடுங்க சார்!" என்று கெஞ்சினால், "கையிலேர்ந்து போட்டு டாலி பண்றதும் பொய்க் கணக்குதான் தம்பி" என்பார்.

டாக்டர் வில்லியம் மக்பிரைடு கதையைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

மக்பிரைடு, சிட்னியில் பிரசவ டாக்டர். தாலிடோமைடு சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறப்பதாக 1961-ல் 'லான்செட்' பத்திரிகைக்கு எழுதி எச்சரித்தவர். உலகமே கொண்டாடியது.

அடுத்து அவர் குறி வைத்தது டெபென்டாக்ஸ். கர்ப்பிணிகளின் வாந்திக்குத் தரும் மாத்திரை; அமெரிக்காவில் பென்டெக்டின் என்று பெயர். ஆரம்பத்தில் அதில் டைசைக்ளோமினும் இருந்தது. அட, வயிறு பிடித்து இழுத்தால் நாம் போட்டுக்கொள்கிறோமே, அதேதான்! அதே மாதிரி பிடிப்பைத் தளர்த்தும் இன்னொரு மருந்து ஹையோசின். அதைச் சினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குட்டிகள் ஊனமாகின்றன என்று 1982-ல் கட்டுரை வெளியிட்டார்.

கூடவே உதவியாளர்கள் பில் வார்டி, ஜில் ஃபிரெஞ்ச் பெயர்களும் இருந்தன. வார்டி அச்சில் பார்க்கிறார்... சோதித்தது ஆறு முயல். கட்டுரையில் எட்டு! கொடுத்த மருந்தின் அளவும் மாறியிருந்தது.

1987-ல் நார்மன் ஸ்வான் என்ற ஆஸ்திரேலிய ரேடியோ நிருபர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். 1988-ல் விசாரணைக் குழு 'மோசடி' என்றது. 1993-ல் டாக்டர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். (1998-ல் திரும்பச் சேர்த்தார்கள்.)

சரி, மாத்திரை என்ன ஆச்சு? அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கில் காட்டிய கணக்கு இது: 30-க்கும் மேற்பட்ட ஆய்வுகள், 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்கள். ஊனத்துக்கு அந்த மாத்திரை காரணம் என்று ஒரு ஆய்வுகூடச் சொல்லவில்லை. ஆனால், வழக்குகள் குவிந்ததில் கம்பெனி 1983-லேயே மருந்தை நிறுத்திவிட்டது. டைசைக்ளோமின் இல்லாத அதே கலவைக்கு அமெரிக்காவில் மறுபடி அனுமதி கிடைத்தது 2013-ல். முப்பது வருஷம்! நடுவில் வாந்தியில் துவண்ட பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பார்கள். இவருக்கு முயலே ரெண்டு கூடுதல்! விடையை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அதற்கு முயல் சேர்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"இந்த மாத்திரை குரோமோசோமையே கெடுக்குதாம்" என்று கேண்டீனில் யாராவது கிளப்பினால், "எத்தனை பேர்கிட்ட பார்த்தாங்க? சரிபார்த்தது யாரு?" என்று கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது, போட்டுக்கோ" என்பவரிடமும் அதே கேள்விதான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அந்தக் கேள்வியை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.