தனியாளுக்கு ஒரு மூன்றாவது கை

வீட்டுத் தாழ்வாரத்திலோ கொட்டிலிலோ சிறு தச்சுப் பட்டறை வைத்திருப்போர் எமது கிராமங்களில் பலர் உள்ளனர். முன்பு ஓடாவிக்குப் பக்கத்தில் மகனோ மருமகனோ பலகை பிடிக்க நிற்பார்கள். இன்று பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளியூர் போய்விட, தனியே வேலை செய்ய வேண்டியுள்ளது. கூலிக்கு ஆள் வைத்தால் ஒரு கதவில் மிஞ்சும் பணம் கூலிக்கே போய்விடும். விலை கூடிய கருவிகள் வாங்கவும் வசதி இல்லை.

இதற்காக வேலையைக் கைவிட வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபகுதி மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் புத்தியைப் பட்டறையிலும் பயன்படுத்தலாம். ஒரு கதவைத் தனியாளாகச் செய்து பூட்டுவதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பலகையைப் பிடிக்க

பலகையின் விளிம்பைச் சீவும்போது அது சரிந்து நழுவும். தடித்த மரத்துண்டொன்றில் மீன்வால் போன்ற கவர்வெட்டு வெட்டி, மேசையின் முன்நுனியில் இறுக்கிவிடுங்கள். பலகையை நிறுத்தி, அதன் நுனியைக் கவருக்குள் தள்ளி, பக்கத்தில் ஓர் ஆப்பைச் செருகுங்கள். சீவுளியைத் தள்ளத் தள்ளப் பலகை மேலும் இறுகும்.

ஒட்டி இறுக்க

சிறு மூட்டுகளுக்குப் பழைய சைக்கிள் ரியூப் போதும். அதை நீளவாக்கில் ஒன்றரை அங்குல அகல நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கம் கூடும்.

கதவுப் பலகைகளுக்கு ஆப்புச் சோடி வேண்டும். நீண்ட சட்டமொன்றின் இரு நுனிகளிலும் தடைக்கட்டைகளை அடியுங்கள். பசை பூசிய பலகைகளை இடையில் வைத்து, மிஞ்சும் இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, மாறிமாறித் தட்டுங்கள். பலகைகள் நடுவில் மேலெழும்பாதபடி பாரம் வைக்கவும். பசை சட்டத்தில் ஒட்டாதிருக்க அடியில் பொலித்தீன் விரிக்கவும்.

மூலையும் மட்டமும்

கதவு நேராக உள்ளதா என்று பார்க்க, அளவுநாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஆள் தேவையில்லை. நுனி கூரான இரண்டு சிலாகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலையிலிருந்து எதிர்மூலைவரை நீட்டி, அவை சேருமிடத்தில் கோடிடுங்கள். மற்ற இரு மூலைகளுக்கும் அதே கோடு சரிவந்தால் கதவு சதுரமாக உள்ளது. வராவிட்டால், தூரம் கூடிய மூலைகளை உட்பக்கம் நெருக்குங்கள்.

பல நிலைகளை ஒரே மட்டத்தில் வைக்க, தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் நீர் நிரப்பி இருவர் பிடிப்பது வழக்கம். ஒரு நுனியில் நீர் அசைந்தால் மறுநுனியிலும் அசையும் என்பதாலேயே இருவர் வேண்டியுள்ளது. தனியாள், உயரத்தில் ஒரு வாளி நீரை வைத்து, குழாயின் ஒரு நுனியை அதற்குள் கட்டிவிடலாம். மறுநுனியால் நீரை உறிஞ்சி, குமிழி இல்லாமல் வரச்செய்யுங்கள். வாளியின் வாய் அகலமானது. குழாயில் ஏறி இறங்கும் சிறிதளவு நீரால் அதன் மட்டம் மாறுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடிட்டு, அங்கிருந்து அளந்துகொள்ளலாம்.

கதவைத் தூக்க

பிணைச்சல்களை முதலில் கதவில் பூட்டிவிடுங்கள். கதவின் அடியில் 2 அடி நீளச் சட்டமொன்றை நுழைத்து, கதவிலிருந்து 4 அங்குலத்தில் அதன் கீழே ஒரு கட்டை வையுங்கள். மறுநுனியைக் காலால் மிதித்தால் கதவு எழும்பும். மிதிக்கும் பக்கம் 20 அங்குலம், அதாவது ஐந்து மடங்கு. 30 கிலோ கதவுக்கு 6 கிலோ அழுத்தம் போதும். கைகள் இரண்டும் திருகாணிக்கு மிஞ்சும். மேல் பிணைச்சலில் ஒன்று, கீழ்ப் பிணைச்சலில் ஒன்று பூட்டி, கதவை ஆட்டிப்பார்த்த பின் மற்றவற்றைப் பூட்டுங்கள்.

எங்கே உபாயம் கூடாது

தனியே வேலை செய்பவருக்குக் காயம் பட்டால் கூப்பிட ஆள் இல்லை. ஆகவே மின்வாளின் காப்பு மூடியை வசதிக்காகக் கழற்ற வேண்டாம். ஏணிக்குப் பதிலாகக் கதிரைமேல் பெட்டியை அடுக்க வேண்டாம். அறுந்த மின்வயரை முறுக்கி ஒட்ட வேண்டாம். இயந்திரத்தில் வேலை செய்யும் நாளில் அயலவர் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். கைபேசியை மேசையில் விடாமல் சட்டைப்பையில் வைத்திருங்கள். களைத்த பின் "இன்னும் ஒரு வெட்டுத்தானே" என்று தொடங்காதீர்கள்.

இல்லாத கைக்குப் பதிலாக ஓர் ஆப்பும் சிலாகையும் வேலை செய்யட்டும். இருக்கும் கைகளுக்குப் பதிலாக எதையும் செய்துகொள்ள முடியாது.