கான்டெசா ஐம்பதைத் தொடும்வரை

திருப்பூர் மாவட்டத்து மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் பக்கத்தில் சாளை என்று சொல்லும் தோட்டத்து வீடுகளில், தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திய பழைய அம்பாசிடரோ கான்டெசாவோ நிற்பது இன்றும் அரிதல்ல. பெரியவர் இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவர் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை வரும்போது நிலத்துக்கும் கிணற்றுப் பங்குக்கும் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள். வண்டிக்குத்தான் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று தெரிவதில்லை. எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும், மனசும் கேட்காது. வைத்துக்கொண்டால் செலவு. ஓட்டலாம் என்றால் காகிதங்கள் காலாவதி. இப்படி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒருநாள் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வண்டி ஒரு குடும்பத்தின் ஆவணம் என்பதும், ஓடினால்தான் அது ஆவணமாக இருக்கும் என்பதும் என் கருத்து. அதை ஓட்டிக் காப்பதற்கு இன்றைய விதிகள் போதிய இடம் தரவில்லை, தர வேண்டும்.

அமெரிக்காவில் இதே பாசத்தைச் சம்பாதித்தவை மசில் கார்கள். 1964இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள காருக்குள் 6.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று விற்றது. மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் அசுர வேகம் கிடைத்தது. மற்ற நிறுவனங்களும் போட்டிக்கு வந்தன. 1970இல் செவ்ரலே ஷெவெல் 7.4 லிட்டர் எஞ்சினோடு 450 குதிரைத்திறன் வரை போனது. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், ஏறிப்போன காப்பீட்டுக் கட்டணமும், 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. நம் நாட்டில் அந்தத் தோற்றத்துக்கு அருகில் வந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை அதைத் தயாரித்தார்கள். நீண்ட பானெட், அகன்ற உடம்பு, மூன்று பேர் தாராளமாகச் சாய்ந்து உட்காரும் பின்சீட். முதலில் அதற்குள் இருந்ததோ அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின்தான். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகே உடம்புக்கு ஏற்ற ஓட்டம் கிடைத்தது. அப்போதும் அமெரிக்க அளவுகோலில் அது மசில் கார் ஆகாது. ஆனால் குதிரைத்திறனுக்காக யாரும் ஒரு காரை நாற்பது ஆண்டு வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். மூலனூர் மழை குறைந்த பூமி. பருத்தியும் முருங்கையும் பேர் வாங்கித் தந்த ஊர். வீடுகள் ஊருக்குள் ஒட்டி நிற்காமல் அவரவர் தோட்டத்தில் தனித்தனியாக இருக்கும். பஸ் வரும் தார்ரோட்டுக்கும் சாளைக்கும் நடுவே வேலிகளுக்கு இடையில் ஓடும் இட்டேரிதான் வழி. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தாலும், பாம்பு கடித்தாலும் தாராபுரமோ கரூரோ போய்ச் சேர வேண்டும். தரையிலிருந்து உயர்ந்து, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் போட்ட அம்பாசிடர் அந்தத் தடத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. பழைய மாடல்களில் கியர் ஸ்டீயரிங்கின் பக்கத்தில் இருந்தது. முன்சீட் ஒரே பலகையாக நீளும். குழந்தைகளை மடியில் வைத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. 1960களிலும் 70களிலும் நாட்டில் கார் என்று சொன்னால் அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட் என்கிற பத்மினி, சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு வீட்டில், பல இடங்களில் ஒரு ஊரிலேயே, ஒரு கார்தான். பருத்தி விற்ற காசு திருப்பூரில் பனியன் கம்பெனியாக மாறத் தொடங்கிய காலத்தில், அதே கார் காலையில் நூல் பார்க்கப் போனது, சாயங்காலம் பெண் பார்க்கப் போனது. கல்யாணத்துக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டு போனதும், ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்ததும் அதுதான். இன்று ஒரு வீட்டில் மூன்று கார் நிற்கிறது. ஐந்தாறு வருடத்தில் மாறியும் விடுகிறது. அவற்றில் எதன்மீதும் ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது முழுவதும் இப்படிப் படிய வாய்ப்பில்லை.

நினைவுக்குப் புகைப்படம் போதாதா, கார் எதற்கு என்று கேட்கலாம். கண்ணால் பார்க்கும் நினைவுக்குப் படம் போதும். கைக்கும் காதுக்கும் உரிய நினைவு வேறு வகை. அம்பாசிடரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவை பிரியும் ஒவ்வொரு தடவையும் பிளக்கில் பொறி பறக்கும். அவற்றில் கரி பிடித்துவிட்டால் வண்டி திணறும். எமரித்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் திரும்ப வைக்க வேண்டும். சோக்கை எவ்வளவு இழுத்தால் மார்கழிக் காலையில் எஞ்சின் பிடிக்கும், எந்த இடத்தில் அதை உள்ளே தள்ள வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அப்பா செய்வதைப் பார்த்து மகனோ மகளோ கற்றுக்கொண்டால் உண்டு. கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் அருமையான இடம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் பெயரால் இயங்கும் அது, கார் என்ற இயந்திரத்தின் வரலாற்றைச் சொல்கிறது. சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் 4777 என்ற எண்கொண்ட அம்பாசிடர் ஒரு தலைவரின் வரலாற்றைச் சொல்கிறது. பொதுநினைவுக்கு அப்படி நிறுத்திவைப்பது போதும், ஏனென்றால் சொல்வதற்கு வேறு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குடும்பத்தின் காரைப் பற்றிச் சொல்ல அந்தக் குடும்பத்தை விட்டால் ஆளில்லை. அது ஓடாமல் நின்ற மறுவருடமே பாயிண்ட் வைக்கத் தெரிந்த கையும் போய்விடுகிறது, அந்தக் கையோடு வந்த பேச்சும் போய்விடுகிறது.

இனி விதிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்து, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பழைய வண்டி ஒழியட்டும் என்பதே இந்தக் கட்டண உயர்வின் நோக்கம். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ என்று தனிப் பதிவைக் கொண்டுவந்தது. எண் பலகையில் விஏ என்ற எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலையில் வரலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் 1984இல் வந்த முதல் கான்டெசா அந்தத் தகுதியைப் பெற 2034 ஆகும். 2002இல் வந்த கடைசி வண்டிக்கு 2052. அதுவரைக்கும் அது ‘பழைய வண்டி’ மட்டுமே, ஒழிக்கப்பட வேண்டியது. 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசிடரில் பெரும்பகுதியும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டையே அளவாக வைத்திருக்கிறது. ஜெர்மனி 1997 முதல் 30 ஆண்டு கடந்த, நல்ல நிலையில் உள்ள கார்களுக்கு எச் என்ற எழுத்தோடு எண் பலகை தருகிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்தால் சாலை வரி கிடையாது. நாமும் எல்லையை 30க்குக் குறைக்க வேண்டும்.  இங்கே ஐம்பது ஆண்டு காத்திருக்கச் சொன்னால், தாக்குப்பிடிப்பது கோடீஸ்வரரின் கொட்டகையில் நிற்கும் வண்டி மட்டுமே. சாதாரணக் குடும்பத்தின் கார் அதற்கு முன்னே எடைக்குப் போய்விடும்.

இந்த விதியில் இன்னொரு இடறலும் உண்டு. உடல், சேசிஸ், எஞ்சின் எல்லாம் பெரிய மாற்றமின்றி மூல நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. நம் பக்கத்து அம்பாசிடர்களிலும் கான்டெசாக்களிலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியவை ஏராளம். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாத காலத்தில், வண்டியை விற்க மனமில்லாத வீடுகள் கண்டுபிடித்த வழி அது. அந்த மாற்றமும் அந்த வீட்டின் வரலாறுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மினுக்கும் வண்டியைவிட, பஞ்ச காலத்தில் எஞ்சின் மாற்றிக்கொண்டு ஓடிய வண்டி நம் வாழ்க்கையைக் கூடுதலாகச் சொல்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதிவான பழைய மாற்றங்களை ஏற்றுக்கொள்ளலாம்.

புகை என்ன ஆவது? இது கனமான ஆட்சேபணை. பாசத்தைச் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. 1991இல் நாட்டில் பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் புகை வரம்பு வந்தபோது, கிலோமீட்டருக்கு 14 முதல் 27 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம் என்று இருந்தது. இன்றைய பிஎஸ்6 காருக்கு வரம்பு ஒரு கிராம். 1991க்கு முந்தைய வண்டிகளுக்கு அப்படிக் கிலோமீட்டர் கணக்கில் வரம்பே இல்லை. ஆகவே பழைய காரில் தினமும் மூலனூரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் உரிமையை நான் கேட்கவில்லை, அது கூடாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 20 கிராம் விடும் வண்டி வருடத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடினால் 10 கிலோ. வரம்பு அளவில் புகைவிடும் புதுக் கார் 10,000 கிலோமீட்டர் ஓடினாலும் அதே 10 கிலோதான். 500 கிலோமீட்டர் என்பது குலதெய்வம் கோயிலுக்கும், பழனிக்கும், ஒன்றிரண்டு கல்யாணத்துக்கும் தாராளம். ஓடோமீட்டர் அளவைப் பதிவில் குறித்து, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டினால், நினைவும் நிற்கும், ஊர்க் காற்றும் பெரிதாகக் கெடாது. சீட் பெல்ட், ஏர்பேக் இல்லாத வண்டி என்பதால் நால்வழிச் சாலையைத் தவிர்க்கச் சொல்லும் நிபந்தனையும் நியாயமானதே. உரிமையாளர் தரப்பிலும் கவனம் தேவை. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய எரிபொருள் பம்பின் ரப்பர் டயஃப்ரமையும் குழாய்களையும் அது அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றாமல் மாதக்கணக்கில் டேங்கை நிரப்பி வைப்பது தீ விபத்தை அழைப்பது.

இதையெல்லாம்விட ஆழமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. அந்தக் கார் யாருடைய நினைவு? ஊருக்கு ஒரு கார் என்றால் அது நிலமும் செல்வாக்கும் உள்ள வீட்டின் கார். அதைக் கழுவியவர்கள், ஓட்டியவர்கள், அது இட்டேரியில் வரும்போது வேலியோரம் ஒதுங்கி நின்றவர்கள் உண்டு. அதில் ஒருநாளும் உட்கார முடியாதவர்களும், ஸ்டீயரிங்கைத் தொட அனுமதிக்கப்படாத அந்த வீட்டுப் பெண்களும் உண்டு. இப்படிப்பட்ட வண்டியைப் போற்றுவது பழைய அந்தஸ்தைப் போற்றுவதாகாதா என்ற கேள்வி நேர்மையானது. கார் பளபளவென்று நிற்க, அதைப் பற்றி முதலாளி வீட்டார் மட்டும் பேசினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். 2014இல் வந்த ‘பண்ணையாரும் பத்மினியும்’ படம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. எஸ்.யு. அருண்குமார் இயக்கிய அந்தப் படத்தில் பிரிமியர் பத்மினியைப் பண்ணையார் எவ்வளவு நேசிக்கிறாரோ, அதற்குக் குறையாமல் டிரைவரும் நேசிக்கிறார்; பண்ணையாரின் மனைவிக்கும் அதில் ஒரு ஆசை இருக்கிறது. ஒரு காரின் கதை ஒருவர் கதையாக முடியாது என்பதை அந்தப் படம் போதனை எதுவும் செய்யாமலே காட்டிவிட்டது.

ஆகவே காரைக் காப்பாற்ற நினைக்கும் வீடு, பெயின்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை வேறு. ஆர்.சி. புத்தகம், வாங்கிய பில், காப்பீட்டுத் தாள்கள், பட்டறைச் சீட்டுகள் கிடைத்தவரை ஒரே உறையில் சேர வேண்டும். அந்த வண்டியில் கைவைத்த மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். பிரசவத்துக்கு அதில் போன அத்தைகளிடமும், அதில் ஏறாமலே காலம் கழித்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடமும் கேட்க வேண்டும். முக்கியமாக டிரைவர். சம்பளக் கணக்கில் மட்டும் பெயர் இருக்கும் அந்த மனிதருக்குத்தான் எந்தப் பள்ளத்தில் வண்டி நின்றது, எந்த ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் காத்திருந்தது என்பதெல்லாம் தெரியும். 1970களில் ஸ்டீயரிங் பிடித்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. காகிதங்கள் சரியாக இருக்கும் வண்டியில் அவர்களை முன்சீட்டில் உட்காரவைத்து, செல்போனில் பதிவை ஓடவிட்டு, தாராபுரம் வரை ஒருமுறை போய்வர எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.